சந்தேகம்னா உள்ளே

எங்கள் தாலுகா ஆபீசில் தாசில்தார் நாற்காலி என்று ஒன்று உண்டு. முதுகில் வெள்ளைத் துண்டு போட்டது, சுழல்வது. தாசில்தாராக வந்த அந்த அம்மாள் எங்களிடம் இருந்த இரண்டு வருடத்தில் அதில் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் அரை நாள் வந்தால் அதிகம். துண்டு அழுக்கே ஆகவில்லை. கையெழுத்துப் போடுவதுகூட நின்றபடிதான். ஃபைலை மேஜைமேல் விரித்துவைத்து, உடம்பை வலது காலுக்கும் இடது காலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே படிப்பார். எதிரில் நிற்கிறவனுக்குத் தலை சுற்றும்.

"மேடம், கொஞ்சம் உக்காருங்களேன்" என்று ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"உக்காந்தா பந்து தாண்டிப் போய்டும், சர்வேயர்" என்றார்.

எந்தப் பந்து, எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் ஒரு காலத்தில் டென்னிஸ் ஆடியவர், பெண்களுக்கான மாநிலப் போட்டியில் சாம்பியன், அந்தச் சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தார் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும். எனக்கு அதெல்லாம் வேண்டாத விஷயம். இருபத்திரண்டு வருடமாகச் சங்கிலி இழுத்து நிலம் அளக்கிறவன் நான். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். பெயர் சரிதான்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு வீடு. நசீமா என்கிற பெண்ணின் வீடு. அதில் பாதியை இடித்தது என்னுடைய அளவு. மீதிப் பாதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த அம்மாளின் கால்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தால் எனக்கும் இப்போதெல்லாம் ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

வந்து சேர்ந்த முதல் நாளே அவருக்கும் எனக்கும் வம்பு. ஒரு பிரியாணிக் கடைக்காரருக்கும் பக்கத்துச் செருப்புக் கடைக்காரருக்கும் ஒரு முழச் சந்துக்காகத் தகராறு. நான் வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மாள் படத்தைப் பார்க்கவே இல்லை.

"எங்க விழுந்துச்சு, காட்டுங்க."

"இன்னா விழுந்துச்சு மேடம்?"

"கோடுதான். செவுத்துல விழுதா, சந்துல விழுதா? வாங்க, போய்ப் பாத்துடலாம்."

மத்தியானம் ஒரு மணி. எங்கள் பக்கத்து வெயில் எப்படியென்று தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தச் சந்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நுழைய முடியும். தரையெல்லாம் பிரியாணி வேகிற தேக்சாவைக் கழுவிய தண்ணீர். அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டார். பின்னால் நான், வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு. அங்கே போய்க் குனிந்து, மூக்குத்தி தொலைத்தவர் தேடுவதைப் போல, தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பழைய அஸ்திவாரத்தின் விளிம்பு அரைகுறையாகத் தெரிந்தது. என் கோடு அதன்மேல் விழுகிறதா தள்ளி விழுகிறதா என்று எனக்கே நிச்சயமில்லை.

"சந்தேகமா இருக்கில்ல?" என்றார்.

"லேசா இருக்கு மேடம்."

"சந்தேகம்னா உள்ள. ஆக்கிரமிப்புன்னு எழுதாதீங்க."

அது டென்னிஸ்காரர்களின் வழக்கமாம். பெரிய போட்டி தவிர மற்றதில் கோட்டருகே நின்று பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். உன் பக்கம் விழுகிற பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நீயேதான் சொல்ல வேண்டும். எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நின்று உன் வார்த்தையை நம்பியாக வேண்டும். அதனால் உனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பந்து உள்ளே, புள்ளி எதிராளிக்கு. மண் தரையில் பந்து விழுந்த தடம் இருக்கும், போய்க் குனிந்து பார்க்கலாம். பார்க்காமல் சத்தம் போடக் கூடாது.

"நம்ம ஆபீஸ்லயும் அதே கதைதான் சர்வேயர். பேனா நம்ம கையில, மனு அவங்க கையில. சந்தேகத்தையாவது அவங்களுக்குக் குடுக்கலாம்ல?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலை செய்கிறவனுக்கல்லவா தெரியும்! அதற்கு முன் மாதம் முப்பது ஃபைல் நாற்காலியிலேயே முடியும். இவர் வந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஜீப், வெயில், வரப்பு. ஹெட் கிளார்க் அவருக்கு 'தடம்மா' என்று பெயர் வைத்தார். அம்மாள் காதிலும் அது விழுந்தது. சிரித்துக்கொண்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டார்.

அவருடைய அப்பா ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். தோலிலிருந்து முடி கழல்வதற்காகச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்களே, அந்தக் குழி. முதலாளி பாய் தன் பிள்ளைகள் ஆடுவதற்குக் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு டென்னிஸ் தரை போட்டிருந்தார். காலையில் குழியிலிருந்து ஒரு டின் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டுபோய்க் கயிறு பிடித்து அந்தத் தரைக்குக் கோடு போடுவதும் அப்பாவின் வேலை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போன மகள் நிற்க மாட்டாளாம், குதித்துக்கொண்டே இருப்பாளாம். கோடு கோணலாகிவிடும். "உன் பொண்ணு காலு பேஜாரா இருக்குதுப்பா, கோடு பிடிக்க லாயக்கில்ல, ஆட விடு" என்று முதலாளி பாய் ஒரு பழைய மட்டையைக் கொடுத்தாராம். இதை அம்மாள் ஜீப்பில் போகும்போது சொன்னார். சொல்லும்போதும் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

ஆனால் சாம்பியன் என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும். திருப்பத்தூரில் கலெக்டர் மீட்டிங் முடிந்து வருகிற வழியில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஜீப்பில் கூட இருந்ததால் நானும் போனேன். ஹெட்மாஸ்டர் மைக்கில் நாலு தடவை சாம்பியன், சாம்பியன் என்றார். ஐந்தாவது தடவை அம்மாள் எழுந்துவிட்டார். பரிசு கொடுக்காமலே, தலைவலி என்று சொல்லி, என்னைத் தாண்டி ஜீப்புக்குப் போய்விட்டார். என்ன திமிர் பாரேன் என்று நினைத்தேன். தப்பாக நினைத்தேன்.

பிறகு அந்த ஏரி வந்தது.

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லிக் கோர்ட் உத்தரவு. முப்பத்தெட்டு வீடு, அளக்க இரண்டு நாள். அதே வாரம் அம்மாளுக்கு முழங்காலில் ஆபரேஷன், வேலூரில் படுத்திருந்தார். இத்தனை வருடம் குதித்த குதிக்கு அந்த முட்டி அவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

மற்றதெல்லாம் நன்றாக ஏரிக்குள்ளேயே இருந்தன; எல்லையை ஒட்டியிருந்தது கரையோரக் கடைசி வீடு ஒன்றுதான், நசீமாவுடையது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. வீட்டிலும் ஒரு மிஷின் வைத்துத் தைப்பாள். இரண்டு அறை, முன்னால் ஒரு சமையல்கட்டு, மேலே தகரம், ஒரு தண்ணீர்க் குழாய். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். நான் சங்கிலி பிடித்தபோது ஓடி வந்தாள்.

"சார், அந்தக் கல்லு அங்க இல்ல சார். பைப் போட வந்தாங்கல்ல, அவங்க ஜேசிபில பேத்துட்டாங்க. அப்பறம் குத்துமதிப்பா இங்க நட்டுட்டுப் போய்ட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்."

"எல்லா ஏரியிலயும் இதே பாட்டுதாம்மா. நவுரு."

"அல்லா மேல சத்தியமா சார்!"

ஒரு எல்லைக்கல்லிலிருந்து அளந்தால் இன்னொரு கல்லில் போய்ச் சரிபார்க்க வேண்டும். சர்வேயருக்கு அது அரிச்சுவடி. அந்த இன்னொரு கல் இருந்தது கருவேல முள்ளுக்கு நடுவில். மற்ற கற்களெல்லாம் எப்போதோ ரோட்டுக்கு அடியில் போய்விட்டன. மணி நாலு, மறுகரையில் இன்னும் பதினொரு வீடு பாக்கி, எனக்கோ பசி. போகவில்லை. நசீமாவின் வீடு முழுசாக ஏரிக்குள் என்று குறித்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அம்மாளிடமிருந்து போன்.

"நசீமான்னு ஒரு பொண்ணு பேசுச்சு. கல்லு நவுந்திருக்குன்னு சொல்லுது. ரெண்டாவது கல்லைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"ஷூரா?"

"ஷூர் மேடம்."

அவ்வளவுதான். படுக்கையில் படுத்தபடி, போய்ப் பார்க்காமல், அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஃபைல் அது. என் வாயை நம்பிப் போட்டது.

வியாழக்கிழமை ஜேசிபி வந்தது. நசீமாவின் சமையல்கட்டும் முன் அறையும் கால் மணியில் போய்விட்டன. அப்போது வண்டியின் ஆயில் ஹோஸ் வெடித்துச் சுவரெல்லாம் எண்ணெய் பீய்ச்சியடித்தது. "இனிமே திங்கக்கெழமதான் சார்" என்றான் டிரைவர். நசீமா தையல் மிஷினை ரோட்டில் இறக்கிவைத்து அதன்மேல் கை வைத்து நின்றிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் போனபின் முள்ளுக்குள் தவழ்ந்துபோனேன். இரண்டாவது கல் ஆடாமல் அசையாமல் அங்கேயே இருந்தது. அதிலிருந்து அளந்தேன். வீட்டையே தாண்டுகிற வித்தியாசம். ஏரி எல்லை நசீமா வீட்டுக்குப் பின்னால், பதினோரு அடி தள்ளி இருந்தது.

அப்புறம் செய்ததை எப்படிச் சொல்வது? செய்தேன், சொல்கிறேன். கடப்பாரையால் நெம்பி அந்தக் கல்லைப் பிடுங்கினேன். சரிவில் உருட்டி ஏரிச் சேற்றில் தள்ளினேன். குழியின் மேல் சருகைப் பரப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். இனி யார் வந்து அளந்தாலும் நகர்ந்த கல் ஒன்றுதான் சாட்சி.

நசீமா மறுபடி போன் செய்திருக்கிறாள், சனிக்கிழமை காலை ஊன்றுகோலோடு அம்மாள் வந்து இறங்கினார். டாக்டர் ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றிருந்தாராம். நேராக முள் ஓரம் போனார். கோலை வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியவில்லை. குனிந்து பார்க்க முட்டி மடங்கவில்லை. நல்ல காலம் என்று நான் மூச்சு விட்டேன். அவர் திரும்பி என் கைகளைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு கைக்கு?"

"பைக்ல விழுந்துட்டேன் மேடம்."

"பைக்ல விழுந்தா முழங்கை தேயும். இது கோடு கோடா இருக்குதே."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேற சர்வேயர் கேட்டேன். புதன்கெழமதான் அனுப்புவாங்களாம். திங்கக்கெழம வண்டி வந்துடும். கோர்ட் உத்தரவு, நானா நிறுத்த முடியாது. சந்தேகம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, நிறுத்திடறேன்."

ஒரே வரி. ஆனால் அந்த வரியை எழுதினால் இடித்த பாதி என் தலையில் விழும். வேலை போகலாம், கல்லைப் பிடுங்கியது தெரிந்தால் கேஸே வரலாம்.

"சந்தேகம் இல்ல மேடம்" என்றேன்.

"ஷூரா?"

"ஷூர்."



ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து, அப்பா வேலை பார்த்த அந்தப் பழைய டேனரிக்கு வரச் சொன்னார். போனேன். டென்னிஸ் தரை இருந்த இடத்தில் இப்போது தோல் காயப்போடுகிறார்கள். வலைக்கம்பம் ஒன்று மட்டும் துருப்பிடித்து நின்றது. அம்மாள் அதன்மேல் சாய்ந்திருந்தார். நல்ல கால் வழக்கம்போலத் தாளம் போட்டது.

"நான் சாம்பியன் ஆன மேட்ச்சு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது மேடம்."

"மெட்ராஸ்ல, இதே மாதிரி மண்ணு. ஃபைனல்தான், ஆனா கோடு பாக்க ஆளு கெடையாது. கடைசி செட்டு. எதிர்ல ஆடுன பொண்ணு அடிச்ச பந்து என் பின்கோட்டுல விழுந்துச்சு. கோட்டு மேலயே. சுண்ணாம்பு தெறிச்சுது, நான் பாத்தேன். அவுட்டுன்னு கத்திட்டேன். அவ வலைகிட்ட வந்து 'ஷூரா?'ன்னு கேட்டா. ஷூர்னு சொல்லிட்டு, தடத்தைக் காலால தேச்சு அழிச்சிட்டேன். எங்கப்பா போடற மாதிரி ஒரு கோடு சர்வேயர், அதையே அழிச்சிட்டேன். அப்பறம் கப்பு, சர்டிபிகேட்டு, வேலை, ஜீப்பு, எல்லாம்."

தலைக்குமேல் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

"போன வருஷம் எப்படியோ அவ நம்பரைத் தேடிப் புடிச்சேன். இத்தினி வருஷம் கழிச்சு, பந்து உள்ளதான் விழுந்துச்சு, மன்னிச்சுடுன்னு சொன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? 'தெரியும். நீ காலால அழிக்கறப்ப பாத்துக்கினுதான் இருந்தேன். நீயே சொல்லுவேன்னு நின்னேன். நீ சர்வீஸ் போடப் போய்ட்டே.' அவ்ளோதான், வெச்சுட்டா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், தாளம் நின்றுவிட்டது. அந்தக் கால் இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சும்மா இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை என் கையைப் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. நானே சொல்வதற்காகத்தான் நிற்கிறார்.

"மேடம்," என்றேன். "ரெண்டாவது கல்லை நான்தான் புடுங்கிப் போட்டேன். எல்லை அந்த வீட்டுக்குப் பின்னால பதினோரு அடி தள்ளி இருக்குது. அந்தப் பொண்ணு சொன்னது நெசம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "என்கிட்ட சொல்லி இன்னா? அங்க போய்ச் சொல்லுங்க. வண்டிய எடுங்க."

போகிற வழியில் நடைபாதைக் கடையில் ஒரு பை சுண்ணாம்புப் பொடி வாங்கச் சொன்னார். வாங்கினேன். அதன் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் அன்றே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், திங்கட்கிழமை வண்டி வரவில்லை. எனக்கு சஸ்பென்ஷன், விசாரணை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்று அம்மாளும் தானாகவே எழுதிக் கொடுத்தார். அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றது, வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்ச் சர்வேயர் இந்நேரம் எந்த வரப்பில் நின்று வாய்க்குள் திட்டிக்கொண்டிருக்கிறாரோ, பாவம். நான் அந்த அம்மாளைத் திட்டாத நாள் இருந்ததில்லை. இப்போது சஸ்பென்ஷன் முடிந்து திரும்பிவிட்டேன், ஆனால் அவர் இல்லாத ஆபீசில் எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நசீமா பாதி வீட்டின் வாசலில், அதாவது வாசல் இருந்த இடத்தில், செங்கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று சொன்னேன். கல் நகர்ந்தது நிஜம் என்பதை, நான் பார்க்காமலே பார்த்தேன் என்று பொய் சொன்னதை, அப்புறம் தெரிந்தும் கல்லைப் பிடுங்கியதை, எல்லாவற்றையும். அவள் கையிலிருந்த செங்கல்லை இறுகப் பிடித்தாள். என்மேல் எறியப்போகிறாள் என்றே நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். செங்கல்லை அடுக்கின்மேல் வைத்தாள்.

"அப்ப அளந்து காட்டு சார்" என்றாள்.

சேற்றில் இறங்கி அந்தக் கல்லைத் தேடினேன். முழங்கால்வரை சேறு. பிடித்து இழுத்து, தோளில் சுமந்து, முள்ளுக்குள் கொண்டுபோனேன். மூடிய மண்ணைக் கையால் தள்ளினேன். ஈரக் களிமண் கல்லின் அச்சை அப்படியே வைத்திருந்தது. கல் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து சங்கிலி பிடித்தேன். அம்மாள் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையில் நான். கயிறு ஆடவே இல்லை. கோடு நேராக விழுந்தது.

ஏரிப் பக்கம் வெள்ளைக் கோடு, அதற்கு இந்தப் பக்கம் பதினோரு அடி மண், அப்புறம் நசீமாவின் பின்சுவர்.

நான் நோட்டை எடுத்து எழுதப் போனேன். அம்மாள் கையைக் காட்டித் தடுத்தார்.

"அவங்க பக்கம் அது. வீடு அவங்க கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு அவங்கதான் சொல்லணும்."

நசீமாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோட்டருகே வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து, சுண்ணாம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. நானும் அம்மாளும் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உள்ள சார்," என்றாள். "முன்னாடியும் உள்ளதான் இருந்துச்சு."